அந்தக் கோடு ஒன்றே போதுமே

போன வாரம் ‘கிராஷ் லேண்டிங் ஆன் யூ’ என்ற கொரியத் தொடரை மூன்றாவது முறையாகப் பார்த்து முடித்தேன். முதல் முறை பார்த்தது 2020 ஊரடங்கு நாட்களில், அம்மாவோடு. சப்டைட்டில் ஓடுகிற வேகத்துக்கு அம்மாவுக்கு வாசிக்க வராது. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன். ராத்திரி சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவி வைத்ததும் ஒரு எபிசோட். நாலைந்து நாள் போனதும், “நீ கொஞ்ச நேரம் சும்மா இரு, அவங்க முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியுது” என்று சொல்லிவிட்டாள்.

அன்றிலிருந்து இந்தத் தொடரைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். எழுத உட்கார்ந்தால், பிடித்ததைச் சொல்லும்போதே உறுத்தியதும் கூடவே வந்து நிற்கிறது. இரண்டையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன். கதை முழுக்கப் பேசப் போகிறேன், முடிவு உட்பட. இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படித்தால் நல்லது.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: தென்கொரியப் பணக்காரக் குடும்பத்துப் பெண் யூன் செ-ரி. சொந்தமாக ஒரு நிறுவனம் நடத்துகிறாள். பாராகிளைடிங் போகும்போது சூறாவளியில் சிக்கி, எல்லை தாண்டி வடகொரியப் பக்கம் ஒரு மரத்தில் போய்த் தொங்குகிறாள். அவளைக் கண்டுபிடிப்பவன் அங்கே காவலில் இருக்கும் வடகொரிய ராணுவ கேப்டன் ரி ஜோங்-ஹ்யோக். அவளைத் திருப்பி அனுப்பும்வரை வீட்டில் ஒளித்து வைக்கிறான். செ-ரியாக சோன் யே-ஜின், கேப்டனாக ஹியூன் பின். எழுதியவர் பார்க் ஜி-உன், இயக்கியவர் லீ ஜோங்-ஹ்யோ. 2019 டிசம்பர் 14 முதல் 2020 பிப்ரவரி 16 வரை டிவிஎன் சேனலில் சனி, ஞாயிறுகளில் 16 எபிசோட்கள் ஓடியது. 6 சதவீதப் பார்வையாளர்களோடு தொடங்கி, கடைசி எபிசோடில் 21.7 சதவீதத்தைத் தொட்டது. அந்தச் சேனலின் வரலாற்றிலேயே அன்றைக்கு அதுதான் உச்சம். 2024-இல் அதே பார்க் ஜி-உன் எழுதிய இன்னொரு தொடர்தான் அதைத் தாண்டியது.

பாராகிளைடரில் போய் எல்லை தாண்டி விழுவதெல்லாம் நடக்கிற கதையா என்று கேட்பவர்கள் உண்டு. 2008-இல் ஒரு தென்கொரிய நடிகை இருந்த படகு கடல் மூடுபனியில் திசை மாறி வடக்குக் கடற்பகுதிக்குள் போய்த் திரும்பிய சம்பவம் உண்டு. அதிலிருந்துதான் இந்தக் கதைக்கான பொறி வந்தது என்கிறார்கள். எனக்கு அந்தச் சூறாவளி ஒரு குறையாகவே படவில்லை. கதை தொடங்க ஒரு காற்று வேண்டும், அடித்தது. அதற்குப் பிறகு நடப்பதுதான் முக்கியம்.

அதற்குப் பிறகு என்ன நடக்கிறது? ஒரு பெண்ணுக்குக் குளிக்க வெந்நீர் வேண்டும். ஷாம்பு வேண்டும். மின்சாரம் அடிக்கடி போகிற வீட்டில் ராத்திரி தூங்க வாசனை மெழுகுவர்த்தி வேண்டும். ‘வாசனை மெழுகுவர்த்தி’ என்றால் என்னவென்றே அவனுக்குத் தெரியாது. கேட்டதும் போய் மெழுகுவர்த்தி வாங்கிவருகிறான், மின்வெட்டு நேரத்தில் ஏற்றுகிற சாதாரண வெள்ளை மெழுகுவர்த்தி. இது இல்லை என்று அவள் முகம் சுருங்குகிறது.

நாலாவது எபிசோடின் கடைசியில் அவள் இருட்டிய சந்தையில் வழி தவறி நிற்கிறாள். கூட்டம், முண்டியடிக்கிற தோள்கள், எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. யாரிடமும் வாய் திறக்க முடியாது, திறந்தால் பேச்சே காட்டிக்கொடுத்துவிடும். அப்போது கூட்டத்தின் தலைகளுக்கு மேலே ஒரு சின்னச் சுடர் தெரிகிறது. அவன் கையைத் தூக்கி, எரிகிற மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், அவள் பார்க்கட்டும் என்று. அவள் கிட்டே வந்ததும், இந்த முறை வாசனையுள்ளதாகத்தான் வாங்கியிருக்கிறேன், இதுதானே நீங்கள் கேட்டது என்கிறான். அவ்வளவுதான். கையைத் தொடவில்லை, வயலின் கதறவில்லை. சோன் யே-ஜினின் கண்ணில் நீர் திரண்டு, விழாமல் நிற்கிறது. சிறுமியாக இருந்தபோது இந்தப் பெண்ணை ஒரு கடற்கரையில் ராத்திரி நேரத்தில் தனியாக விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், அதுவும் அவள் ‘அம்மா’ என்று கூப்பிட்ட பெண்மணியே. அது தெரிந்த பிறகு இந்தக் காட்சியைத் திரும்பப் பார்த்தால், இருட்டில் யாரோ தன்னைத் தேடி விளக்கோடு வந்தது அவளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது புரியும். அம்மா அன்றைக்கு ரிமோட்டை என்னிடமிருந்து வாங்கி அந்த இடத்தை மட்டும் திரும்ப ஓட்டச் சொன்னாள்.

இந்தத் தொடரில் காதல் இப்படித்தான் சொல்லப்படுகிறது, தேடி எடுத்துவந்து தருவதில். முதல் நாளே மாவு பிசைந்து, அச்சில் பிழிந்து அவளுக்கு நூடுல்ஸ் செய்து தருகிறான். அவளுக்குக் காபி வேண்டும் என்றதும் பச்சைக் காபிக்கொட்டை வாங்கிவந்து, இரும்புச் சட்டியில் வறுத்து, கையால் அரைத்து வடிகட்டிக் கொடுக்கிறான். வறுக்கிற காட்சியை அவசரமில்லாமல் காட்டுகிறார்கள். தக்காளிச் செடிக்கு தினமும் பத்து நல்ல வார்த்தைகள் சொன்னால் நன்றாக வளரும் என்று அவள் சொல்லிவைக்க, இத்தனை பெரிய ராணுவ அதிகாரி செடி முன்னால் உட்கார்ந்து பத்து வார்த்தைக்குத் தடுமாறுகிறான். செ-ரி சியோலில் எந்த உணவகத்துக்குப் போனாலும் மூன்று வாய்க்கு மேல் சாப்பிடாதவள், அதற்கே அவளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. இங்கே வந்து தட்டைக் காலி செய்கிறாள். வசனம் எதுவும் வைத்து அதைச் சுட்டிக்காட்டவில்லை. பார்க்கிறவர்கள் கவனிப்பார்கள் என்று எழுத்தாளர் நம்பியிருக்கிறார்.

ஹியூன் பின் நடிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முகத்தை அசைக்காமலே இருக்கிறார் என்று சிலர் குறை சொல்கிறார்கள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. ஒட்டுக்கேட்கப்படும் வீட்டில் வாழ்கிற ஆள் அவன். முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பது அவன் உயிர்பிழைக்கும் வழி. அண்ணன் இறந்த பிறகு பியானோவை மூடிவிட்டுச் சீருடைக்குள் புகுந்தவன். அந்த முகத்தில் ஒரு பொறாமையோ ஒரு சின்னச் சிரிப்போ கசிகிற இடங்கள்தான் தொடரின் சுகம். சோன் யே-ஜின் இதற்கு எதிர்ப்பக்கம், கை, கண், குரல் எல்லாவற்றாலும் பேசுகிறார். இருவரும் 2022 மார்ச்சில் நிஜத்திலும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதற்கான காரணத்தைத் திரையில் தேடிப் பார்ப்பது ரசிகர்களுக்கு ஒரு பொழுதுபோக்கு. எனக்கு அந்த மெழுகுவர்த்தியே போதும்.

அடுத்தது அந்தக் கிராமம். கொரியத் தொடர்களில் நாயகன் நாயகியைச் சுற்றி இருப்பவர்கள் பெரும்பாலும் சிரிக்கவைத்துவிட்டுப் போய்விடுவார்கள். இங்கே ராணுவக் குடியிருப்புப் பெண்கள் நாலு பேரும் முழு மனிதர்கள். கர்னல் மனைவி என்ற அதிகாரம் உள்ள மா யோங்-ஏ, வாய் ஓயாத நா வோல்-சுக், கணவன் செய்கிற வேலையால் ஊரே ஒதுக்கி வைத்த ஹ்யோன் மியோங்-சுன், எல்லாரையும் விட இளையவள் யாங் ஓக்-கும். சேர்ந்து கிம்ச்சி (கொரிய முட்டைக்கோஸ் ஊறுகாய்) போடுகிறார்கள், அடுத்தவள் வீட்டு வாசலை எட்டிப் பார்க்கிறார்கள், ராத்திரியில் வீடு வீடாகச் சோதனை வரும்போது கூடவே ஓடிவருகிறார்கள். எந்தத் தெருவிலும் இருக்கிற பெண்கள்தான். ஆனால் எதைப் பேசக்கூடாது என்பதும் அவர்களுக்குப் பாலோடு ஊட்டப்பட்டிருக்கிறது. சிரித்துக்கொண்டிருக்கும்போதே சட்டென்று குரல் தாழ்கிறது.

இந்த நுணுக்கம் எங்கிருந்து வந்தது? எழுத்துக் குழுவில் குவாக் மூன்-வான் என்பவர் இருந்தார். வடகொரியாவிலிருந்து தப்பி வந்தவர். பியோங்யாங்கில் சினிமா படித்தவர், தலைவரின் பாதுகாப்புப் படையில் இருந்தவர். இப்படி உள்ளிருந்து வந்தவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் அந்த வீடுகளைக் கட்டியிருக்கிறார்கள். பியோங்யாங் போகிற ரயில் மின்சாரம் இல்லாமல் நடுக்காட்டில் நின்றுவிடும் இடம் எனக்கு மிகவும் பிடித்தது. எத்தனை மணி நேரம் ஆகுமென்று யாரும் கேட்பதில்லை. வயல்வெளியிலிருந்து போர்வை, சோளம், சாப்பாடு என்று தலையில் சுமந்துகொண்டு வியாபாரிகள் ஓடிவருகிறார்கள். அவர்களுக்கு அங்கே ‘வெட்டுக்கிளிகள்’ என்று பெயர். பயணிகள் இறங்கி நெருப்பு மூட்டி உட்காருகிறார்கள். மங்கோலியாவில் போய் எடுத்த காட்சி அது. வாழ்க்கையில் ஒரு நிமிடத்தையும் வீணாக்காத செ-ரி அந்த நெருப்பின் முன்னால் முதல்முறையாகக் கைகட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தயவுசெய்து கொரிய ஒலியிலேயே பாருங்கள். வடக்கும் தெற்கும் பேசுவது ஒரே மொழி. ஆனால் எழுபது வருடப் பிரிவில் சொற்கள் விலகிப்போயிருக்கின்றன. வடக்கில் ‘பரவாயில்லை, ஒன்றுமில்லை’ என்ற பொருளில் சொல்லும் ‘இல் ஒப்ஸும்னிதா’ என்பது தெற்குக் காதுக்கு ‘உங்களோடு எனக்கு வேலையில்லை’ என்பதுபோல வெடுக்கென்று கேட்கும். அவன் அன்பாகச் சொல்வது அவளுக்குக் கோபமாகக் கேட்கிறது. யாழ்ப்பாணத்துக்காரர் ‘கதைக்கோணும்’ என்று சொல்லும்போது சென்னைக்காரருக்கு ஒரு நொடி பிடிபடாமல் போய், அப்புறம் முகம் மலருமே, அந்தச் சுகம் இந்தத் தொடர் நெடுக இருக்கிறது. டப்பிங்கில் எல்லாரும் ஒரே மாதிரி பேசும்போது அது மொத்தமாகப் போய்விடுகிறது. சப்டைட்டிலிலும் பாதிதான் வரும். ஆனால் குரலின் ஏற்ற இறக்கமாவது காதில் விழும். அம்மாவுக்கு ஒரு வார்த்தை கொரிய மொழி தெரியாது. மூன்றாம் நாளே யார் வடக்கு, யார் தெற்கு என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்.

அப்புறம் ஜோங் மன்-போக். ஒட்டுக்கேட்பது அவன் வேலை. காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அடுத்தவர் வீட்டுப் பேச்சையெல்லாம் எழுதி மேலே அனுப்ப வேண்டும். ஊரில் அவனுக்கு ‘காது’ என்று பெயர், அவன் மகனைப் பள்ளியில் அதைச் சொல்லியே அடிக்கிறார்கள். அவன் ஒட்டுக்கேட்டது கேப்டனின் அண்ணனை. அந்த அண்ணனோ இவனுடைய கஷ்ட காலத்தில் பணம் கொடுத்து உதவியவர். அவர் சாவதற்கு இவன் காது காரணமாகிவிட்டது. இப்போது அதே காதைத் தம்பி வீட்டுச் சுவரில் வைக்கச் சொல்கிறார்கள். ஹெட்போனில் செ-ரியும் கேப்டனும் சாப்பாட்டுக்குச் சண்டை போடுவதும் சிரிப்பதும் கேட்கிறது. கேட்கக் கேட்க அந்த மனிதனின் முகம் மாறிக்கொண்டே போகிறது. கிம் யோங்-மின் அந்தப் பாத்திரத்தைச் செய்தார். இந்தத் தொடரில் எனக்கு ஒரே ஒரு நடிகரைத்தான் சொல்ல வேண்டுமென்றால் அவரைச் சொல்வேன். அடுத்தவர் காதலைக் காதால் கேட்டே ஒருவன் நல்லவனாக மாறுகிறான் என்பதைக் காதல் கதைகளில் நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சரி, இவ்வளவு நல்லது சொன்னேன். என் வருத்தத்துக்கு வருகிறேன்.

ஒன்பதாவது எபிசோடின் முடிவை நினைத்துப் பாருங்கள். அவளை எல்லைவரை கொண்டுவந்து விடுகிறான். காட்டுக்குள் ஒரு கோடு. 1953 ஜூலை 27-இல் போர்நிறுத்த ஒப்பந்தம் போட்டபோது விழுந்த கோடு. அதைச் சுற்றி 4 கிலோமீட்டர் அகலத்தில், தீபகற்பத்தின் குறுக்கே சுமார் 250 கிலோமீட்டர் நீளத்துக்கு ஆளில்லாத காடு, தரையடியில் கண்ணிவெடிகள். இதற்கு மேல் நான் ஒரு அடிகூட வர முடியாது என்று சொல்லி நிற்கிறான். அவள் நடக்கிறாள். திரும்பிப் பார்க்கிறாள். பத்தடி தூரத்தில்தான் நிற்கிறான், ஆனால் வேறு நாடு. ஒரு கணம் கழித்து, ஒரு அடி பரவாயில்லை என்று சொல்லி அந்த ஒரு அடியை எடுத்து வைக்கிறான். முத்தக் காட்சிகளில் எனக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனால் அந்த பூட்ஸ் கால் கோட்டைத் தாண்டி இறங்கும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. வில்லன் யார் என்பது அந்த இடத்தில் அப்பட்டமாகத் தெரிகிறது. அந்தக் கோடுதான். யாரையும் வெறுக்காமல், யாரும் கெட்டவராக இல்லாமலேயே, இரண்டு நல்ல மனிதர்களைப் பிரிக்க அது போதும்.

ஆனால் எழுத்தாளருக்கு அது போதவில்லை. ஜோ சோல்-காங் என்று ஒரு வில்லனை வைத்திருக்கிறார். ஊழல் செய்கிறான், கொலை செய்கிறான், சிறையிலிருந்து தப்பிக்கிறான், செ-ரியைக் கொல்ல எல்லை தாண்டி சியோலுக்கே வருகிறான். அவனைத் துரத்திக் கேப்டனும் வருகிறான். கேப்டனைத் தேடி அவன் படையாட்கள் வருகிறார்கள். அத்தனை கண்ணிவெடியும் முள்கம்பியும் இருக்கிற அந்த எல்லையை, இத்தனை பேரும் ஆளுக்கொரு வழியில் கடக்கிறார்கள். ஒரு அடி எடுத்து வைப்பதே உயிர்ப் பிரச்சினை என்று எங்களை நம்பவைத்துவிட்டு, இரண்டு எபிசோடுக்குள் அந்தக் கோட்டைத் தாண்டி இத்தனை பேர் வந்து நின்றால், அந்த ஒரு அடிக்கு என்ன மதிப்பு? இந்தத் தொடர் மேல் எனக்குள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான்.

அதன்பிறகு துப்பாக்கிச் சண்டை. அவனைக் காப்பாற்றக் காரைக் குறுக்கே ஓட்டிவந்து அவள் குண்டடிபடுகிறாள். மருத்துவமனை. பிழைக்கிறாள். பிறகு மறுபடி மயங்கி விழுகிறாள், கிருமித்தொற்று, மறுபடி மருத்துவமனை, மறுபடி உயிருக்கு ஆபத்து. முதல் முறை நானும் அம்மாவும் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். இரண்டாவது முறை அவள் ஐசியூவுக்குப் போனபோது அம்மா எழுந்து போய்த் தயிர் உறை ஊற்றிவிட்டு வந்தாள். ஒரு எபிசோட் ஒரு மணி நேரத்துக்கு மேல், கடைசிப் பகுதி அதைவிட நீளம். முதல் பாதியில் காபி வறுக்க நேரம் கொடுத்தவர்கள், பின்பாதியில் அந்த நேரத்தைத் துப்பாக்கிக்குக் கொடுத்துவிட்டார்கள். செ-ரியின் அண்ணன்கள் இருவரும் அண்ணிகள் இருவரும் சொத்துக்காகச் செய்கிற சூழ்ச்சிகளைப் பற்றி எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. அந்தக் காட்சிகளை ஓட்டிவிட்டுப் பார்த்தாலும் கதை புரியும்.

சியோல் பகுதியில் பிழைத்து நிற்பது அந்தப் படையாட்கள்தான். முணுமுணுத்துக்கொண்டே இருக்கும் பியோ சி-சு, கொரியத் தொடர்ப் பைத்தியம் கிம் ஜு-மொக், அழகன் பார்க் குவாங்-போம், இன்னும் பால்முகம் மாறாத கும் உன்-தோங். கோழி வறுவலைத் தின்றுகொண்டே கால்பந்து பார்க்கிறார்கள். (அந்தக் கோழிக்கடை திரும்பத் திரும்ப வருவது விளம்பரத்துக்காக என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். கொஞ்சம் குறைத்திருக்கலாம்.) தான் உயிராக நினைக்கும் நடிகை சோய் ஜி-வூவை நேரில் சந்திக்க ஜு-மொக்குக்கு செ-ரி ஏற்பாடு செய்கிறாள். எல்லைக் காவலில் திருட்டுத்தனமாக அவர் நடித்த பழைய தொடரைப் பார்த்து அழுதவன் அவன். அவர் வந்து எதிரே உட்கார்ந்ததும் அவனுக்குப் பேச்சே வரவில்லை. சிரித்துக்கொண்டே கண் கலங்குகிற இடம்.

ஆனால் அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருப்பதையும் சொல்ல வேண்டும். இந்தத் தொடர் முடிந்த அதே வருடம், 2020 டிசம்பரில், வடகொரியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. தென்கொரியத் தொடர்களைப் பார்த்தால் 15 வருடம் வரை உழைப்பு முகாம், பரப்பினால் மரண தண்டனை வரை போகலாம். ஜு-மொக் போன்ற ஒரு பையன் நிஜத்தில் இருந்தால் அவன் கதி என்ன? மூன்றாவது முறை பார்க்கும்போது அவன் வருகிற ஒவ்வொரு காட்சியிலும் இது எனக்கு நினைவில் வந்துகொண்டே இருந்தது.

தொடர் ஓடிக்கொண்டிருந்தபோதே தென்கொரியாவில் ஒரு சிறிய கிறிஸ்தவக் கட்சி, இது வடக்கைப் புகழ்கிறது என்று போலீஸில் புகார் கொடுத்தது. அந்தப் புகாரோடு எனக்கு உடன்பாடில்லை. சோதனை, லஞ்சம், ஒட்டுக்கேட்டல், காணாமல் போகிற மனிதர்கள் என எல்லாமே இதில் இருக்கிறது. புகழ்வதற்காக எடுத்த தொடரில் மன்-போக் போன்ற ஒருவன் இருக்க முடியாது. ஆனால் புகார் சொன்னவர்களை ஒதுக்கிவிட்டுப் பார்த்தாலும் ஒரு குறை மிஞ்சுகிறது. பசி இதில் கிட்டத்தட்ட இல்லை. அந்தக் கிராமத்தில் எல்லார் கன்னமும் செழிப்பாக இருக்கிறது. குளிர்காலத்தைக் கிம்ச்சியும் பாட்டும் நிறைந்த காலமாகக் காட்டுகிறார்கள். அங்கிருந்து தப்பி வந்தவர்கள் இதைப் பார்த்து ஊர் ஞாபகத்தில் அழுததாகவும் சொல்கிறார்கள், எங்கள் ஊர் இவ்வளவு சுத்தமாக எப்போது இருந்தது என்று கேட்டதாகவும் சொல்கிறார்கள். இரண்டும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும். தென்கொரியர்கள் வடக்கே இருப்பவர்களை முதல்முறையாக அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களாகப் பார்க்க அந்தச் செழிப்பு உதவியது. அதற்காகப் பசியை விட்டுக்கொடுத்தது எனக்கு இன்னமும் உறுத்துகிறது.

இன்னொன்று, சுவிட்சர்லாந்து. பல வருடம் முன்பு இருவருமே அங்கே இருந்திருக்கிறார்கள். இசெல்ட்வால்ட் என்ற ஊரில் ஏரிக்கரை மரப்பாலத்தில் அவன் அண்ணனுக்காக பியானோ வாசிக்க, சாகும் எண்ணத்தோடு வந்திருந்த அவள் தூரத்தில் படகிலிருந்து அதைக் கேட்டு மனம் மாறியிருக்கிறாள். அழகான காட்சிதான். இன்று அந்தச் சின்ன ஊருக்கு வருகிற கூட்டத்தைச் சமாளிக்க, மரப்பாலத்தில் ஏற 5 பிராங்க் கட்டணம் வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு பியானோவோடு விட்டிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்பேன். அதற்கும் மேலே, சிக்ரிஸ்வில் தொங்குபாலத்திலும் இருவரும் சந்தித்திருக்கிறார்கள். விதிதான் சேர்த்து வைத்தது என்று தொடர் ஒவ்வொரு முடிச்சாகப் போட்டுக்கொண்டே போகிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. முன்பின் தெரியாத ஒருத்திக்காக ஒருவன் தன் உயிரையும் பதவியையும் பணயம் வைத்தான் என்பதில் இருக்கிற பெருமை, எல்லாம் முன்பே எழுதி வைத்தது என்று சொல்லும்போது கொஞ்சம் குறைகிறது.

சோ தான் என்ற பெண், வடக்கில் ஒளிந்து வாழும் மோசடிக்காரன் கு சுங்-ஜுன், இந்த ஜோடிக்கு நடந்தது அநியாயம். கேப்டனுக்கு இவளைத்தான் நிச்சயித்திருந்தார்கள். வழக்கமான தொடர்களில் இப்படிப்பட்ட பெண்ணை வில்லியாக்கிவிடுவார்கள், இங்கே செய்யவில்லை. செல்லோ வாசிக்கிற, விறைப்பான, உள்ளுக்குள் உடைந்த பெண்ணாக சோ ஜி-ஹே அவளைச் செதுக்கியிருக்கிறார். அவள் அம்மாவாக வரும் ஜாங் ஹே-ஜின்தான் ‘பாராசைட்’ படத்தில் அந்த ஏழைக் குடும்பத்தின் தாய். அந்தப் படம் ஆஸ்கர் வாங்கிய அடுத்த வாரக் கடைசியில் இந்தத் தொடர் முடிந்தது. சோ தான் தன் மனதைத் திறக்கிற நேரத்தில், தப்பி ஓட விமான நிலையம்வரை போன சுங்-ஜுன் அவளுக்காகத் திரும்பி வந்து குண்டடிபட்டுச் சாகிறான். ஏன் சாக வேண்டும்? நாயகன் நாயகிக்கு மகிழ்ச்சி கொடுத்தால் யாராவது ஒருவர் விலை கொடுக்க வேண்டும் என்ற கணக்கு அது. அம்மா அந்த எபிசோடுக்குப் பிறகு ஒரு நாள் தொடரைப் பார்க்கவே மாட்டேன் என்றுவிட்டாள்.

முடிவுக்கு வருகிறேன். கேப்டனை வடக்குக்குத் திருப்பி ஒப்படைக்கிறார்கள். எல்லைச் சாவடியில் அவன் காவலர்களை விட்டு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொள்கிறான். போவதற்கு முன் ஒரு வருடத்துக்கான குறுஞ்செய்திகளை எழுதி, நாளுக்கு ஒன்றாக அவள் போனுக்கு வரும்படி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். சாப்பிடு, நட, தனியாக இருக்காதே என்று. ஒரு வருடம் கழிந்து அது நின்றுவிடுகிறது. பிறகு அவன் இசைக்குழுவில் பியானோ வாசிப்பவனாகிறான். அவள் சுவிட்சர்லாந்தில் இசைக்கு உதவித்தொகை கொடுக்கும் அமைப்பு தொடங்குகிறாள். மலைச்சரிவில் சந்திக்கிறார்கள். அதற்கப்புறம் வருடத்துக்கு இரண்டு வாரம்.

இந்த முடிவை அரைகுறை என்று திட்டியவர்கள் நிறையப் பேர். எனக்கு இதைவிட நேர்மையான முடிவு தெரியவில்லை. இரண்டு அரசுகளும் மனம் மாறின, கோடு அழிந்தது என்று முடித்திருந்தால் பொய்யாகியிருக்கும். நிஜத்தில் போரில் பிரிந்த குடும்பங்களுக்குக் கிடைத்தது என்ன? தெற்கில் மட்டும் 1.3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உறவினரைப் பார்க்கப் பெயர் பதிந்து வைத்திருந்தார்கள். பெரும்பாலானவர்கள் காத்திருந்தே இறந்துபோனார்கள். 2000 முதல் 2018 வரை 21 முறைதான் நேரடிச் சந்திப்புகள் நடந்தன. கடைசியாக 2018 ஆகஸ்டில் வடகொரியாவின் கும்காங் மலையில், மூன்று நாளில் மொத்தம் சுமார் 11 மணி நேரம். தொண்ணூறு வயது அம்மாக்கள் எழுபது வயதுப் பிள்ளைகளைப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் பஸ் கிளம்பும்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் புகைப்படங்கள் இணையத்தில் கிடைக்கும். அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வருடத்துக்கு 14 நாள் என்பது எழுத்தாளர் தன் பிள்ளைகளுக்கு வாரிக்கொடுத்த சொத்து.

கடைசிக் காட்சி முடிந்து பெயர்கள் ஓடும்போது அம்மா கேட்டாள்: “மீதி 50 வாரம் என்ன பண்ணுவாங்க?”

அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஜோ சோல்-காங்குக்கும் அண்ணன்களுக்கும் கொடுத்த அத்தனை மணி நேரத்தையும் எடுத்து அந்த 50 வாரத்துக்குக் கொடுத்திருக்கலாம். அவள் சியோலில் மூன்று வாய்க்கு மேல் நாலாவது வாய் எடுத்துவைப்பதை, அவன் பியோங்யாங்கில் கச்சேரி முடிந்து வீட்டுக்கு வந்து இருட்டில் தக்காளிச் செடி முன்னால் உட்கார்ந்து பத்து வார்த்தை தேடுவதை, போன வருடம் வாங்கிய மெழுகுவர்த்தி பாதி உருகி அலமாரியில் இருப்பதை. மின்சாரம் போனால் அவன் அதை ஏற்றுவானா, அல்லது அடுத்த வருடம் வரைக்கும் எடுத்து வைத்துக்கொண்டு சாதாரண மெழுகுவர்த்தியைத் தேடுவானா? ஏற்ற மாட்டான் என்கிறாள் அம்மா.